'இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?'

வாசுதேவநல்லூரில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் வண்டி தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ ஓட வேண்டும். போய்ச் சேர்ந்த தனியார் மருத்துவமனையில் எழும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: 'இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?' பதிலைப் பொறுத்து அறை மாறுகிறது, பரிசோதனைகள் கூடுகின்றன, பில் வீங்குகிறது. காப்பீட்டு நிறுவனத்துக்கு அதில் பெரிய நஷ்டமில்லை. அடுத்த ஆண்டு பிரீமியத்தில் எல்லோரிடமும் வசூலித்துக்கொள்ளும். பாலிசியே இல்லாத எலுமிச்சை விவசாயிதான் ஏறிய கட்டணத்தை நகையை அடகு வைத்துக் கட்டுகிறார்.

தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கியது நல்ல செய்தி. அதே ஆண்டு ஜனவரியில், மூத்த குடிமக்களின் பிரீமியத்தைத் தன்னைக் கலந்தாலோசிக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்றது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். மருத்துவமனைகளுடன் பேசிக் கட்டணத்தை நிர்ணயிக்கவும் சொன்னது. இந்த இரண்டாவது பாதியில் நிறுவனங்கள் காட்டும் வேகம் போதாது.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகை முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. அரசு செய்த பேரத்தை, கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் நிறுவனங்களால் ஏன் செய்ய முடியாது? தனியார் மருத்துவமனைகள் கட்டணப் பட்டியலை வாசலிலேயே தொங்கவிட வேண்டும் என்று அரசு கட்டாயமாக்கட்டும்; பாலிசி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே பட்டியல்.