‘இங்கே’ என்பது பெயரன்று

அ, இ, உ எனும் மூன்றனையும் சுட்டு என்று தொல்காப்பியம் கூறும். சுட்டுதற்கு விரல் வேண்டும். அவ் விரலைக் காண்பதற்குக் கண்ணும் வேண்டும். இவ் எளிய உண்மையை இணையத்தில் தமிழ்ப் பக்கங்கள் யாக்கும் நம்மவர் மறந்தனர். ‘தேர்வு முடிவறிய இங்கே சொடுக்குக, படிவம் பெற இங்கே சொடுக்குக’ என்றெழுதி, ‘இங்கே’ என்னும் ஒரு சொல்லையே இணைப்பாக்கி விடுகின்றனர்.

என்னிடம் பயின்ற பார்வையற்ற இளைஞர் ஒருவர், எழுத்தை ஒலியாக்கும் திரைபடிப்பானின் துணைகொண்டு இணையத்தில் உலவுபவர். ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் தொகுத்துக் கேட்கும் வாய்ப்பு அக் கருவியில் உண்டு. கண்ணுடையார் தலைப்புகளை மேலோட்டமாய்ப் பார்ப்பது போன்றது அது. அண்மையில் அவர் என் முன்னர் ஒரு பக்கத்தைத் திறந்தார். ‘இங்கே, இங்கே, இங்கே’ என ஏழு முறை ஒலித்தது. “இவற்றுள் எந்த ‘இங்கே’ ஐயா என் படிவம்?” என்றார். விடை கூறவியலாது தலைகுனிந்தேன்.

‘முன்னும் பின்னும் தொடர் இருக்கின்றதே, அதனைக் கேட்டால் விளங்காதோ?’ என்பர் சிலர். டிம் பெர்னர்சு இலீ 1994-இல் நிறுவிய வையவிரிவலைக் கூட்டமைப்பு, 2008-இல் வெளியிட்ட அணுகுமை நெறிகளில், சூழ்ந்த தொடரால் நோக்கம் விளங்கினும் அமையும் என அடிப்படை நிலையில் ஒப்புகின்றது. உயர்நிலையிலோ இணைப்பின் சொற்களே அதனை விளக்குதல் வேண்டும் என்கின்றது. அடிப்படை நிலையோடு நின்றுவிடுதல், கதவைத் திறந்து வைத்து விளக்கை அணைப்பது போலாம்.

தீர்வு அரிதன்று. ‘பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள்’, ‘உதவித்தொகைப் படிவம்’ எனச் சென்று சேருமிடத்தின் பெயரையே இணைப்பாக்குக. நிறத்தை மட்டும் நம்பாது அடிக்கோடும் இடுக. நிறம் பிரித்தறியார்க்கு அதுவே அடையாளம். கு, மு, ழு முதலிய எழுத்துகளின் கீழுறுப்பை அறுக்காவாறு அக் கோட்டைச் சற்றே தாழ்த்துக. சுட்டெலியைக் கையாள இயலாதார், தத்தல் விசையால் ஒவ்வோர் இணைப்பாகச் செல்லவும், தாம் நிற்கும் இணைப்பு எதுவெனக் காணவும் வழி செய்க.

தமிழிற் பக்கம் யாத்தல் மட்டும் தமிழ்த்தொண்டாகிவிடாது. தமிழர் எல்லாரும் அதனுட் புகுதல் வேண்டும். அன்பர்களே, இன்றே உங்கள் பக்கத்தைத் திறந்து, அதிலுள்ள ‘இங்கே’க்களை எண்ணுக. ஒவ்வொன்றற்கும் ஒரு பெயரிடுக. பொருளறிந்து பெயரிடுதல் தமிழர்க்குப் புதிதன்று!