கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு அமானிதங்கள்



மாதம் நிறையாமல் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கின்றன என்று வையுங்கள். கிண்ணியாவானாலும் மூதூரானாலும் திருகோணமலை நகரமானாலும் அந்த வீட்டில் மூன்று கேள்விகள் எழாமல் இருக்காது. "காதில இன்னும் பாங்கு சொல்லல்லியே?" "வாயில ஈத்தம்பழமோ தேனோ தொட்டு வைக்கல்லியே?" "பெத்தவள நாப்பதுக்கு முந்தி வெளியில அனுப்பலாமா?" மூன்றும் மார்க்கத்தின் பெயரால் கேட்கப்படுபவை. ஆகவே மார்க்கத்தைக் கொண்டே பதில் பார்ப்போம்.

முதலில் பிள்ளைகளின் நிலையைப் புரிந்துகொள்ள வேண்டும். 37 வாரம் முடியுமுன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்கிறார்கள். இரட்டைக் கர்ப்பங்களில் ஏறத்தாழ பாதி இப்படித்தான் முடிகின்றன. தோலுக்கடியில் கொழுப்பு இல்லாததால் உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். நுரையீரல் முழுமையாக விரிந்து கொடுக்காது. உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடும் திறமை ஏறத்தாழ 34 வாரமளவில்தான் கைகூடும். அதனால்தான் குழாய் வழியே பால் செல்கிறது. "ஏழு மாதப் பிள்ளை தப்பும், எட்டு மாதப் பிள்ளை தப்பாது" என்பது வெறும் பேச்சு. தாயின் வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு நன்மையே.

இன்னொரு வாய்ப்பேச்சும் உண்டு. கல்யாணமாகி ஏழாம் மாதம் பிரசவம் என்றால் சிலர் விரல் விட்டு எண்ணத் தொடங்குவார்கள். கர்ப்பமும் பால்குடியும் சேர்ந்து முப்பது மாதங்கள் என்று குர்ஆன் 46:15 கூறுகிறது. பால்குடி முழுதாக இரண்டு ஆண்டுகள் என்று 2:233 கூறுகிறது. முப்பதில் இருபத்து நான்கைக் கழித்தால் ஆறு. கர்ப்பத்தின் மிகக் குறைந்த காலம் ஆறு மாதம் என்று ஸஹாபாக்கள் இதிலிருந்தே தீர்ப்புக் கண்டார்கள். பெற்றவளின் மானத்தைக் காக்கும் கணக்கு இது. நாக்கை அடக்கிக்கொள்வோம்.

இனி கேள்விகளுக்கு வருவோம். பாங்கு சொல்வது சுன்னத்து. சில நாட்கள் பிந்தினாலும் குற்றமில்லை. உள்ளே செல்ல அனுமதி கிடைக்கும் நாளில், கைகழுவி, தாதியிடம் கேட்டு, வாப்பா மெல்லிய குரலில் சொன்னால் போதும். உரத்த சத்தம் அந்தப் பிஞ்சுகளை வருத்தும்.

பேரீச்சம்பழம் தொட்டு வைக்கும் தஹ்னீக்கும் சுன்னத்துதான். ஆனால் விழுங்கத் தெரியாத பிள்ளையின் வாயில் வைத்தது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். கிருமி குடலைத் தாக்கலாம். தேனோ, நிறைமாதப் பிள்ளைக்கும்கூட ஒரு வயது வரை ஆகாது. தீங்கு விளைவிக்கக் கூடாது என்பது மார்க்கத்தின் அடிப்படை விதி. ஒரு சுன்னத்துக்காக உயிரை ஆபத்தில் வைக்க எந்த இமாமும் சொல்லவில்லை. ஏழாம் நாள் அகீகாவும் முடி இறக்குவதும் அப்படியே. தலை நரம்பிலேயே மருந்து ஏற்ற வேண்டி வரலாம். பிள்ளைகள் தேறி வீடு வந்தபின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அகீகா கொடுக்கலாம்.

மூன்றாவது கேள்விதான் மிக முக்கியம். நிஃபாஸ் காலத்தில் தொழுகையும் நோன்பும் இல்லை. வீட்டுக்குள் அடைந்து கிடக்க வேண்டும் என்றோ, பிள்ளையைத் தொடக் கூடாது என்றோ எந்தச் சட்டமும் இல்லை. வீட்டில் தங்கியிருப்பது இத்தாவுக்குரியது. இரண்டையும் நாம் ஒன்றாக்கிவிட்டோம். நாற்பது நாள் ஓய்வு நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த நாற்பது நாளில்தான் பிள்ளைகளுக்குத் தாய் மிகவும் தேவைப்படுகிறாள்.

ஏன்? அவள் பார்வையாளர் அல்ல, அவளே மருந்து. முதல் நாட்களின் சீம்பால் சில சொட்டுகளானாலும் நோய்த் தடுப்பு. பிள்ளை உறிஞ்சாதபோது, இரவிலும் சேர்த்து நாளொன்றுக்கு எட்டு முறையாவது பாலைப் பிழிந்தெடுத்தால்தான் சுரப்பு நிற்கும். இரண்டு பிள்ளைக்குப் பால் வேண்டுமல்லவா?

அடுத்தது அவளது நெஞ்சுச் சூடு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் இன்குபேட்டர்கள் போதாமல் போனபோது, எட்கர் ரே சனாப்ரியா என்ற வைத்தியர் பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு அணைத்துக் கட்டி வைக்கச் செய்தார். வறுமையில் பிறந்த வழி அது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார ஸ்தாபனம் நடத்தி 2021இல் வெளியான ஆய்வு, பிறந்தவுடனேயே இதைத் தொடங்கினால் என்னவாகும் என்று பார்த்தது. 1,800 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளில், வழக்கமான முறையில் 100க்கு ஏறத்தாழ 16 மரணங்கள், இதிலோ 12. இரட்டையர் இருவரையும் ஒரே நெஞ்சில் வைக்கலாம். தாய் களைத்தால் வாப்பா வைக்கலாம். எப்போது தொடங்குவது என்பதை வைத்தியர் சொல்வார்.

தாய்ப்பால் போதாமல் இன்னொரு தாய் தர முன்வந்தால், முதலில் வைத்தியரிடம் கேளுங்கள்; நோய்ப் பரிசோதனை அவசியம். அவர் பெயரையும் எழுதி வையுங்கள். நமது ஷாஃபி மத்ஹபில் ஐந்து தடவை பால் சென்றால், குழாய் வழியே சென்றாலும், பால்குடி உறவு உண்டாகும். நாளை திருமணப் பேச்சில் அது தேவைப்படும்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை, 'பாதை'க்காகத் துறையடியில் காத்திருந்த நம் உம்மாமார் பட்ட பாடு ஊரறியும். இன்று பாலம் இருக்கிறது. வீட்டு வாசற்படிதான் அவளுக்குத் தடையாக நிற்கிறது. மாமிமாரே, ராத்தாமாரே! சமையலையும் மூத்த பிள்ளைகளையும் நீங்கள் பொறுப்பெடுங்கள். சூடான சோற்றுப் பார்சலைக் கொடுத்தனுப்புங்கள். "உன் வயிறு ஏன் தாங்கல்ல?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு பிள்ளை முதலில் வீடு வந்து மற்றது அங்கேயே தங்கினால், வந்ததை நீங்கள் பாருங்கள். அவள் மற்றதிடம் போகட்டும். ஒன்றை அல்லாஹ் எடுத்துக்கொண்டால், உயிரோடு பிறந்த பிள்ளைக்குப் பெயருண்டு, ஜனாஸாத் தொழுகையுண்டு. "ஒன்றாவது இருக்கே" என்று சொல்லி அவள் அழுகையை அடைத்துவிடாதீர்கள்.

மருந்து வைத்தியர் கையில். ஷிஃபா அல்லாஹ்வின் கையில். பெற்றவளைப் பிள்ளையிடம் கொண்டு சேர்ப்பது நம் கையில்.