வானிலை மட்டும் மனங்களை மாற்றுவதில்லை

வெள்ளமோ வறட்சியோ வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால், மக்கள் காலநிலை நடவடிக்கையை ஆதரிக்கத் தொடங்கிவிடுவர் என்ற எடுகோள் ஆய்வுலகில் பரவலாக உள்ளது. கேரளத்தின் தமிழக எல்லையில் அமைந்த பாலக்காடும் இடுக்கியும் அவ்வெடுகோளைத் திருத்துகின்றன.

பாலக்காட்டின் கிழக்கே, மழை குறைந்த சித்தூர் வட்டத்தில் உள்ளது பிளாச்சிமடா. அங்கு 2000இல் கொக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. கிணற்று நீர் வற்றியும் கெட்டும் போனதாகக் கூறி, எரவாளர், மலசர் உள்ளிட்ட பழங்குடியினர் 2002 ஏப்ரலில் ஆலை வாயிலில் போராட்டத்தைத் தொடங்கினர். தொடர்ந்து பருவமழையும் பொய்த்தது. 2004 பிப்ரவரியில் மாநில அரசு வறட்சியைக் காரணங்காட்டி, ஆலை நிலத்தடி நீர் எடுப்பதற்குத் தடை விதித்தது. மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. மழையின்மை அங்கு மக்களின் கோரிக்கைக்குத் துணைநின்றது.

இடுக்கியில் நிகழ்ந்தது வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை குறித்து மாதவ் காட்கில் குழு 2011இலும், கஸ்தூரிரங்கன் குழு 2013இலும் அளித்த அறிக்கைகள், பட்டாவுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்த குடியேற்ற உழவர்களுக்கு வெளியேற்ற அறிவிப்பாகவே ஒலித்தன. அவ்வெதிர்ப்பின் வேட்பாளரான ஜாய்ஸ் ஜார்ஜ் 2014இல் மக்களவைக்குத் தேர்வானார். 2018 பெருவெள்ளத்தில் செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டபோது, காட்கிலின் பெயரை மாநிலமே நினைவுகூர்ந்தது. எனினும் 2022 ஜூனில், தேசியப் பூங்காக்களையும் காட்டுயிர் சரணாலயங்களையும் சுற்றி ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டுமென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், இடுக்கியில் மீண்டும் முழுஅடைப்பு நடந்தது.

இவ்வேறுபாட்டை மழையளவு விளக்காது. பிளாச்சிமடாவில் நடவடிக்கை என்பது இழந்த நீரை மீட்பது. இடுக்கியில் அது இருக்கும் நிலத்தை இழப்பதாகப் புரிந்துகொள்ளப்பட்டது. காட்கில் குழுவோ முடிவுகள் கிராம சபைகளில் எடுக்கப்பட வேண்டும் என்றே விரும்பியது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அவ்வறிக்கை மக்கள் மொழியில் அச்சபைகளை அடையுமுன் அச்சம் அடைந்துவிட்டது.

இவ்விவாதத்தில் இடம்பெறாத மூன்றாம் தரப்பும் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது; 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். அவர்களுக்கு இழக்கப் பட்டா இல்லை. குடியிருந்த லயமும் சொந்தமில்லை. மழையின் கொடுமையை மிகுதியாக அறிந்தவர்களின் ஆதரவை எந்தத் தரப்பும் கேட்கவில்லை.

ஆகவே, மக்கள் ஆதரவை அளக்க முனையும் ஆய்வுகள் மழைமானியின் அளவோடு மேலும் இரண்டைக் கேட்டறிய வேண்டும்: நிலம் யார் பெயரில் உள்ளது? திட்டம் எந்த மொழியில் மக்களிடம் வந்தது?