இஞ்சின் போனால் காடியே போனதா?



சென்ற வாரம் சங்க வேலையாக ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். பெரட்டுக்களத்தில் சந்தாப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே ஒரு தொழிலாளி வந்து நின்றார். முகத்தில் களை இல்லை.

"அண்ணே, கஞ்சில் இஞ்சின் போயிடுச்சி. புதுக் காடி எடுத்துடலாம்னு பார்க்கிறேன். முன்பணத்தை மட்டும் வெளியில வட்டிக்கு வாங்கணும். என்னா சொல்றீங்க?"

"அவசரப்படாதீங்க தம்பி, உட்காருங்க" என்றோம். அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறோம். ஏனென்றால் இது அவர் ஒருவருடைய கதையல்ல.

தோட்டத்துக்காரனுக்குக் காடி எதற்கு என்று பட்டணத்தில் சிலர் கேட்கலாம். நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் செம்மண் சாலையில் எந்த பஸ் வரும்? நமக்குக் காடி ஆடம்பரமல்ல, கைகால் மாதிரி. அதனால்தான் அது நின்றவுடன் நாம் பதறிப் போகிறோம். பதற்றத்தில் போடும் கையெழுத்துதான் நம்மைக் கவிழ்க்கிறது.

கணக்கைப் பார்ப்போம். மாதத் தவணை 400 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 9 ஆண்டுத் தவணை என்றால் 108 மாதம். மொத்தம் 43,200 வெள்ளி! 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் ஏறக்குறைய கால் பங்கு காடிக்கே போய்விடும். அதற்கு மேல் வட்டிக்காரன் வேறு வீட்டு வாசலில் நிற்பான்.

கஞ்சில் 1994-இல் வந்த காடி. 2009-இல் உற்பத்தி நின்றுவிட்டது. பழசுதான். ஆனால் பழசு என்பதற்காக வீச வேண்டியதில்லை. இஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்கலாம். இதைத்தான் 'ஓவரால்' என்கிறோம். முறையாகச் செய்தால், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் புது ரிங்கும் போடுவார்கள். பேரிங், கேஸ்கெட், ஆயில் சீல், டைமிங் பெல்ட் எல்லாம் புதுசாக மாறும். வால்வைத் தேய்த்துச் சரிசெய்வார்கள். ஹெட் வளைந்திருந்தால் சமப்படுத்துவார்கள். வெறுமனே கழுவிப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பது ஓவரால் ஆகாது.

"ஜப்பான் ஹாஃப் கட் இஞ்சின் இருக்கு, நாளைக்கே மாட்டித் தர்றேன்" என்று சில பட்டறைகளில் சொல்வார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்பது உண்மை. ஆனால் அந்த இஞ்சின் எத்தனை மைல் ஓடியது, எப்படி ஓடியது என்று நமக்குத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. இஞ்சின் நம்பர் பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் பிளாக்கையே வைத்துப் புதுப்பித்தால் நம்பர் மாறாது. வேறு இஞ்சின் போட்டால் பரிசோதனைக்குக் கொண்டுபோய், சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவை மாற்ற வேண்டும். செய்யாமல் விட்டால் காடியை விற்கும்போது மாட்டிக்கொள்வோம்.

பட்டறைக்குப் போனால் முதல் கேள்வி விலையாக இருக்கக் கூடாது. "இஞ்சின் ஏன் போச்சு?" என்று கேளுங்கள். ரேடியேட்டர் ஒழுகித் தண்ணீர் இல்லாமல் சூடேறியதா? மினியாக் மாற்றாமல் ஓட்டினோமா? அந்தக் காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதுப்பித்த இஞ்சினும் அதே வழியில் போகும்.

அடுத்தது, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். என்னென்ன சாமான் புதுசு, கூலி எவ்வளவு, எத்தனை மாதம் உத்தரவாதம் என்று தாளில் இருக்க வேண்டும். கழற்றிய பழைய சாமான்களைக் காட்டச் சொல்லுங்கள். நிர்வாகி வாயால் சொன்ன சம்பள உயர்வை நாம் ஒப்புக்கொள்வோமா? கூட்டு ஒப்பந்தத்தில் எழுது என்றுதானே கேட்கிறோம்! பட்டறை தவுக்கேயிடம் மட்டும் ஏன் கூச்சம்?

ஏமாற்றப்பட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வக்கீல் வேண்டியதில்லை. அங்கே பேசப்போவது அந்தத் தாள்தான்.

இஞ்சின் வந்த பிறகு நம் கடமையும் உண்டு. முதல் 1,000 கிலோமீட்டர் வரை விரட்டாமல், அதிகப் பாரம் ஏற்றாமல் ஓட்டுங்கள். அதன்பின் மினியாக்கை மாற்றுங்கள். காலையில் தண்ணீரையும் மினியாக்கையும் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

எல்லாக் காடிக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டோம். அடித்தட்டு துருப்பிடித்து, கியர் பாக்ஸும் போன காடிக்கு நல்ல இஞ்சின் போடுவது இடிந்த வீட்டுக்குப் புதுக் கதவு போடுவதுதான். நம்பிக்கையான போமன் ஒருவரிடம் முழுக் காடியையும் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

அந்தத் தம்பியோடு நாமும் பட்டறைக்குப் போனோம். காடியின் உடம்பு நன்றாக இருந்தது. 2,000 வெள்ளிக்குச் சற்று மேல் கணக்குச் சொன்னார்கள். தாளிலும் எழுதிக் கொடுத்தார்கள். பாதிப் பணம் கையில் இருந்தது. மீதிக்கு அவர் மனைவி கட்டிவந்த கூட்டுப் பணம் அடுத்த மாதம் வருகிறது. "அதுவரைக்கும் மோட்டார் சைக்கிளில சமாளிச்சிக்கிறோம் அண்ணே" என்றார் அந்தத் தங்கை.

வட்டிக்காரனிடம் போகாமல் ஒரு குடும்பம் தப்பியது. நாமும் அப்படித் தப்புவோம், தோழர்களே!