சிட்டி மறந்த பெண்

ஷங்கரின் 'எந்திரன்' 2010 ஒக்டோபரில் வெளிவந்தது. அந்தப் படத்தின் முடிவில் பாகம் பாகமாகக் கழற்றப்பட்ட சிட்டி ரொபோவை மறுபடி பொருத்தி எழுப்பியது 2018 நவம்பரில் வந்த '2.0'. மூன்றாவது ஒன்று வந்தால் எதை மாற்றலாம் என்று பேச்செடுத்தால் எமது மாணவிகளிடம் பதிலுக்குக் குறைவில்லை. முதற் படத்தின் கதாநாயகி சனா இரண்டாவதில் ஏன் தொலைபேசிக் குரலாக மட்டும் வருகிறாள் என்று கேட்பவர்கள் உண்டு. கிராபிக்ஸைக் குறைத்துக் கதையைக் கூட்டச் சொல்பவர்கள் உண்டு. பறவைகளுக்காக அழுத பட்சிராஜனை வில்லனாக்கியது அநியாயம் என்பது இன்னொரு முறைப்பாடு. எல்லாம் நியாயம்தான். ஆனால் நான் மாற்றச் சொல்வது வேறொன்று.

'எந்திரன்' பார்த்தவர்களுக்குத் தீ விபத்துக் காட்சி நினைவிருக்கும். எரியும் மாடிக் கட்டடத்துக்குள் சிட்டி புகுந்து ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் இருந்த கோலத்திலேயே தூக்கிவந்து, கூடிநின்ற சனத்தின் முன்னால், கமராக்களின் முன்னால் விடுகிறது. உயிரைக் காப்பாற்றுவதுதான் அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை. மானம் என்றால் என்னவென்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பெண் கூனிக் குறுகி ஓடுகிறாள். வீதியில் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள்.

இந்தச் சாவுதான் கதையைத் திருப்புகிறது. மனித உணர்வு புரியாத இயந்திரத்தால் பயனில்லை என்றாகிவிட, விஞ்ஞானி வசீகரன் ஒரு மாத அவகாசம் கேட்டு சிட்டிக்கு உணர்ச்சிகளை ஊட்டுகிறார். பிறகு என்ன நடந்தது? சிட்டிக்குக் கோபம் வந்தது. சனாவின் சகோதரிக்குப் பிரசவம் பார்க்கும் பக்குவம் வந்தது (நல்ல காட்சி அது, குறை சொல்ல மாட்டேன்). அப்புறம் சனாமீது காதல் வந்து மீதிப் படம் முழுவதையும் விழுங்கிவிட்டது. செத்துப்போன பெண்ணிடம் கதை திரும்பிப் போகவேயில்லை. மனச்சாட்சி வந்திருக்க வேண்டிய இடத்தில் காதல் வந்தது. குற்றம் முழுவதும் இயந்திரத்தின் தலையில் விழுந்தது. பார்த்து நின்றவர்களையும் படம் பிடித்தவர்களையும் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவள் பிழைத்திருந்தால் மறுநாள் எப்படி வெளியே இறங்கியிருப்பாள் என்று யோசிக்கவும் கதைக்குப் பொறுமை இருக்கவில்லை.

சரி, முதற் படத்தில் விட்டதை இரண்டாவதில் பிடித்திருக்கலாம். '2.0' முழுக்க முழுக்கக் கைத்தொலைபேசியைப் பற்றிய படம். ஊரில் உள்ள போன்களெல்லாம் பறந்துபோய் ஒன்றுசேர்ந்து பெரிய பறவையாகிப் பழிவாங்குகின்றன. அந்தக் கற்பனையின் பிரமாண்டத்தை மறுக்க முடியாது. ஆனால் போனால் மனிதருக்கு என்ன கேடு என்று தேடப் புறப்பட்டவர்கள், போய் நின்றது கோபுரங்களின் கதிர்வீச்சில். படம் வெளிவருமுன்பே இந்தியக் கைத்தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கைச் சபையிடம் முறையிட்டது, இது விஞ்ஞானத்துக்கு முரணான கருத்தைப் பரப்புகிறது என்று. நிறுவனங்கள் தம் வியாபாரத்துக்காகப் பேசியிருக்கலாம். இருந்தாலும், சிட்டுக்குருவிகள் குறைந்ததற்குக் கோபுரங்கள்தான் காரணம் என்று இதுவரை உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. கூடுகட்ட இடமில்லாத புதிய வீடுகளையும் பூச்சிமருந்தையும் குஞ்சுகளுக்கு இரையாகும் பூச்சிகள் அருகியதையும் ஆய்வாளர்கள் கூடவே சொல்கிறார்கள். பறவை ஆய்வாளர் சாலிம் அலியை நினைவூட்டும் தோற்றத்தில் ஒரு பாத்திரத்தைப் படைத்தவர்கள், அவரது துறைக்குரிய நிதானத்தையும் கொஞ்சம் அதற்குக் கொடுத்திருக்கலாம்.

எமது பக்கத்தில் இருந்து பார்த்தால் இது இன்னும் விசித்திரம். சிங்கராஜ வனத்தின் ஒரு பகுதி இரத்தினபுரி மாவட்டத்தில் இருக்கிறது. பறவைகளின் அருமை நமக்குத் தெரியும். கோபுரம் இல்லாததன் கஷ்டமும் தெரியும். கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டு ஒன்லைன் வகுப்பு நடந்தபோது, நாட்டின் பல இடங்களில் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையிலும் மரத்திலும் ஏறிய படங்கள் செய்திகளில் வந்தன. தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் லயங்களில் ஒரு போனை மூன்று பிள்ளைகள் மாறி மாறி வைத்துப் படித்த காலம் அது. போனே பேய் என்று சொல்லும் கதை இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது.

போனில் இருக்கும் உண்மையான பயம் எமக்குத் தெரிந்ததுதான். ஒரு பெண்பிள்ளையின் படம் அவள் அறியாமல் எடுக்கப்படுகிறது. இப்போது எடுக்கவும் தேவையில்லை. குடும்ப விசேஷத்தில் எடுத்த சாதாரண முகத்தை வைத்துச் செயற்கை நுண்ணறிவு மீதியைச் செய்துவிடும். வட்ஸ்அப்பில் அது ஊர் சுற்றி முடிந்த பிறகுதான் அவளுக்கே செய்தி வரும். தீக் காட்சியில் நின்ற கமராக்கள் இன்று எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கின்றன. கைத்தொலைபேசியை வில்லனாக்கிய படத்துக்கு, தன் முதற் பாகத்திலேயே கமராக்களின் முன்னால் குறுகி நின்ற ஒருத்தியின் நினைவு வராதது எனக்கு ஆறாத குறை.

இன்னொன்று. 'எந்திரன்' உரையாடல்களில் பங்கு கொண்ட சுஜாதா 2008இல், படம் வெளிவருமுன்பே, காலமாகிவிட்டார். அவரது 'என் இனிய இயந்திரா' நாவலில் நிலா என்று ஒரு பெண் வருகிறாள். ஜீனோ என்ற ரொபோ நாயோடு சேர்ந்து ஒரு சர்வாதிகாரத்தையே எதிர்க்கத் துணிகிற சாதாரணப் பெண். '2.0'விலும் நிலா இருக்கிறாள்: அழகான, இனிமையான உதவியாள் ரொபோ. பெயர் ஒன்று, ஆனால் முதலாமவள் பயந்து பயந்தும் தானே முடிவெடுப்பவள். இரண்டாமவள் விஞ்ஞானியின் கையாள். எனக்கு வேண்டியது நாவலின் நிலா.

ஆகவே மூன்றாவது படத்தில் தீயிலிருந்து வந்த பெண் சாகக் கூடாது. அவள் வீட்டுக்குப் போகட்டும். அங்கே வாப்பாவும் உம்மாவும் என்ன செய்கிறார்கள் என்று கதை காட்டட்டும். போனைப் பறித்து, படிப்பை நிறுத்தி, அவசரமாக ஒரு மாப்பிள்ளையைத் தேடுகிறார்களா? அல்லது, 'நீ என்ன பிழை செய்தாய் மகள்?' என்று கேட்டுப் பக்கத்தில் உட்காருகிறார்களா? பதினெட்டு வயதுக்குக் குறைந்தவள் என்றால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைப்பை எடுப்பது யார்? வீட்டில் சொன்னால் படிப்பு போய்விடும் என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. மிரட்டுபவனுக்கும் அந்தப் பயந்தான் முதல். சிட்டிக்கு வேலை வேண்டுமென்றால், பரவிய படங்களைத் தேடித் தேடி அழிக்கட்டும். நூறு துப்பாக்கிகளைச் சுழற்றுவதைவிடக் கடினமான வேலை அது.

'எந்திரன்' முடிவது 2030இல், ஒரு நூதனசாலையில். ஒரு பாடசாலைப் பிள்ளை சிட்டியை ஏன் கழற்றினார்கள் என்று கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்று அது பதில் சொல்லும். அந்தக் காட்சியை மறுபடி எடுப்பதானால், கேள்வி கேட்கும் பிள்ளை வேறொன்றைக் கேட்கட்டும். தீயிலிருந்து தூக்கிவந்த அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்கட்டும்.