தண்ணீர் எத்தனை பாகை? கண்டியில் கேட்கப்படாத கேள்வியும் தமிழில் எழுதப்படாத பதிலும்

சூரிச்சில் பிறந்து வளர்ந்த என் அக்காவின் மகன் கடந்த ஓகஸ்டில் விடுமுறைக்கு வந்திருந்தான். கண்டி வாவியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தபோது, "மாமா, தண்ணி எத்தினை டிகிரி? இதுக்குள்ள நீந்தலாமோ?" என்று கேட்டான். அவனுடைய நகரத்தில் கோடை வந்தால் ஏரியின் வெப்பநிலையைக் குளிக்கும் துறைகளில் எழுதி வைப்பார்கள். பேர்ன் நகரவாசிகள் ஆறே ஆற்றின் வெப்பநிலையைப் பார்த்துவிட்டுத்தான் வேலை முடிந்து குதிக்கப் போவார்கள். வன்னியிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த நாள் தொட்டு நான் கண்டியில் இருக்கிறேன். இந்தக் கேள்வியை இதுவரை எவரும் என்னிடம் கேட்டதில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் காற்றின் மாதச் சராசரி வெப்பநிலை ஆண்டு முழுவதும் 23 முதல் 26 பாகை செல்சியசுக்குள்ளேயே நிற்கிறது. தண்ணீரும் ஏறக்குறைய அதன் பின்னாலேயே போகிறது. 15 பாகைக்குக் கீழே உள்ள நீரில் திடீரென விழுந்தால் மூச்சுத் திணறும், உடல் அதிரும். ஐரோப்பிய ஏரிகளில் அந்தக் குளிரும் ஆட்களைக் கொல்கிறது. நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் மார்கழியில் பல்லை நடுங்க வைக்கும் என்றாலும், கண்டியைச் சுற்றியுள்ள நீர்நிலைகளில் குளிர் ஆட்களைக் கொல்வதில்லை. இங்கே பருவம் என்றால் மழையும் வான்கதவும்தான்.

முதலில் வாவி. கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல்வெளியை மறித்துக் கட்டியது அது. (நாயக்கர் வம்சத்து மன்னன். 1815இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, 1832இல் வேலூரில் கைதியாகவே இறந்தான்.) அரசிமார் குளிப்பதற்கென்று கரையில் கட்டிய மண்டபம் இன்றும் நிற்கிறது, ஆனால் இன்று அந்த நீரில் எவரும் குளிப்பதில்லை. சுற்றியுள்ள குன்றுகளின் வீடுகளிலும் விடுதிகளிலும் இருந்து கழிவுநீர் அதற்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. 1999இல் வாவி பச்சைக் குழம்பாக மாறியது. மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி பெருகியதே காரணம். வெப்பநிலைக்கு இங்கே வேலை வருவது இந்த இடத்தில்தான். மாசி முதல் சித்திரை வரை மழை குறைந்து, நீர் அசையாமல் கிடந்து, வெயிலில் மேற்பரப்பு சூடேறும்போது, கழிவின் ஊட்டத்தைத் தின்று இந்தப் பாசி பெருகும். இதன் சில வகைகள் ஈரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. வாவியின் மிகை நீர் மெத எல வழியாக மகாவலிக்குப் போகிறது.

ஆட்கள் உண்மையில் இறங்குவது மகாவலியில்தான். மகாவலி என்றதும் எங்களுக்கு முதலில் நினைவு வருவது 'எல்' வலயமும் மணலாற்றுக் காணிகளும். அது இன்னொரு கட்டுரைக்குரிய கதை. கண்டியில் மகாவலி ஒரு குளிக்கும் இடம், அவ்வளவுதான். பேராதனை, கன்னொருவ, கெட்டம்பே, கட்டுகஸ்தோட்டை என்று கரை நெடுக ஆட்கள் இறங்குவார்கள். முழங்கால் அளவு தெளிந்த நீரைப் பார்த்தால் எவருக்கும் இறங்க மனம் வரும்.

ஆனால் அந்த ஆறு தன் விருப்பப்படி ஓடும் ஆறு அல்ல. மேலே கொத்மலை நீர்த்தேக்கம். கீழே 1976 முதல் இயங்கும் பொல்கொல்ல அணை, மகாவலி நீரைச் சுரங்கவழியாக உக்குவலை மின்நிலையத்துக்குத் திருப்புகிறது. அதற்கும் கீழே, பழைய தெல்தெனிய நகரை மூழ்கடித்துக் கட்டிய விக்டோரியா. மாலையில் மின்தேவை கூடும்போது கொத்மலை மின்நிலையம் விடும் நீரும் இதே ஆற்றில்தான் சேர்கிறது. நாவலப்பிட்டியில் பிற்பகல் இடிமழை கொட்டினால், பேராதனையில் வானம் வெளித்திருக்கும்போதே ஆறு ஏறும். மணல் அகழ்ந்த குழிகள் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. இடுப்பளவில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடுவார். விக்டோரியாவில் வேறு சிக்கல்: வரட்சியில் நீர் வற்றும்போது கரை சேறாகிறது, உள்ளே பழைய கட்டிடங்களின் எச்சங்கள் கிடக்கின்றன.

இதில் எமது பிள்ளைகளின் நிலை தனி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கிணற்றில் வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்கள் நாம். கடல் பக்கத்தில் இருந்தும், உயர் பாதுகாப்பு வலயங்களும் கடல் தடையும் ஒரு தலைமுறையைக் கரையிலிருந்து தள்ளி வைத்தன. அந்த அச்சத்துக்கு மேல் 2004இல் ஆழிப்பேரலை. நீந்தத் தெரியாத பெற்றோரின் நீந்தத் தெரியாத பிள்ளைகள் பேராதனைக்கு வந்துதான் முதல் தடவையாக ஓர் ஆற்றைக் காண்கிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். முதலாம் ஆண்டில் நண்பர்களோடு இறங்கி, காலடியில் மணல் நழுவி, ஒரு சிங்கள மாணவன் தலைமுடியைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தேன். வீட்டில் இன்றுவரை சொன்னதில்லை.

உலகில் 2021இல் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இலங்கையில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் இப்படிப் போகிறார்கள். செய்தியில் இரண்டு வரி வரும், 'நீராடச் சென்ற இளைஞர்' என்று. அவர் இறங்கிய நேரத்தில் மேலே எந்தக் கதவு திறந்திருந்தது என்று அந்த இரண்டு வரியில் ஒருபோதும் இருக்காது.

தகவல் இல்லாமல் இல்லை. நாவலப்பிட்டியிலும் பேராதனையிலும் நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்றின் மட்டத்தை அளந்து வெளியிடுகிறது. மின்சாரத்துக்கும் வயலுக்கும் வெள்ள அபாயத்துக்கும் அந்த அளவீடு பயன்படுகிறது. துறையில் சவர்க்காரத்தோடு நிற்பவருக்கு அது வந்து சேர்வதில்லை. சேர்ந்தாலும் எந்த மொழியில் என்பது அடுத்த கேள்வி. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தைப் புரட்டி, கம்பளையை வெள்ளத்தில் மூழ்கடித்தபோதும், எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பெருவெள்ளத்துக்கே இதுதான் நிலை என்றால், சாதாரண ஞாயிற்றுக்கிழமை குளியலுக்கு யார் தமிழில் எழுதப் போகிறார்கள்?

செலவு பெரிதல்ல. கொத்மலையில் நீர் திறக்கும்போது கீழே உள்ள துறைகளில் ஒலிக்க ஒரு சங்கு, மூன்று மொழியில் ஒரு பலகை, மட்டம் இந்த அளவைத் தாண்டினால் இறங்கக்கூடாது என்று பாறையில் ஒரு சிவப்புக் கோடு. வடக்கிலிருந்து வரும் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஆற்றைப் பற்றி அரை மணி நேரம் சொல்லலாம்.

மருமகனை மகாவலிக் கரைக்கும் கூட்டிப்போனேன். துறையில் துருப்பிடித்த பலகை ஒன்று நின்றது. "என்ன எழுதியிருக்கு மாமா?" என்றான். சிங்களத்தில் மட்டும் இருந்தது. ஆழமான இடம், குளிக்க வேண்டாம், இதற்கு முன் இங்கே ஆட்கள் இறந்திருக்கிறார்கள் என்று வாசித்துச் சொன்னேன். பத்தடி தள்ளித் தமிழ்ப் பெடியள் நாலுபேர் சேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டு அவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேர் சேட்டைத் திரும்பப் போட்டார்கள். மற்ற இருவரும் கரையோரமாய் நின்று, போத்தலால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். நாவலப்பிட்டிப் பக்கம் வானம் கறுத்திருந்தது.