நண்பகலில் மாறும் சேனாதிபதி

அமெரிக்காவில் தேர்தல் முடிந்து புதிய ஜனாதிபதி ஒருவர் வென்றுவிட்டால், அடுத்து வரும் ஜனவரி மாதம் 20ஆம் தேதி நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, அந்த தேசத்தின் ராணுவம் முழுவதும் ஒரு மனிதரின் ஆணையிலிருந்து விடுபட்டு இன்னொரு மனிதரின் ஆணைக்கு உட்பட்டுவிடுகிறது. அணுவாயுதங்களை ஏவும் உத்தரவுக்கு வேண்டிய சாதனங்கள் அடங்கிய கறுத்த பெட்டியோடு பழைய ஜனாதிபதியை நிழல்போலத் தொடர்ந்து வந்த அதிகாரியின் கடமை அந்த நிமிஷத்தோடு முடிந்துபோக, புதியவரின் அருகில் அதே கடமை தொடங்கிவிடுகிறது. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், ஆப்கானிஸ்தானத்து மலைச்சரிவில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் காவல் நின்ற சிப்பாய்களுக்கு அது இரவு ஒன்பதரை மணி. தங்களை எங்கே அனுப்புவது, எப்போது திருப்பி அழைப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் கைமாறியதை அறிவிக்கும் ஓசை எதுவும் அந்த இருளில் எழுந்திராது. புதிதாக அந்த அதிகாரத்தைப் பெற்றவரிடத்தில் சிப்பாய்க்கு நம்பிக்கை இருக்கிறதா, இல்லாவிட்டால் என்ன ஆகும், அந்த நம்பிக்கை எவ்வாறு பிறக்கும் என்பவை, படைத்துறை நிபுணர்கள் மட்டும் கூடிப் பேசி முடிக்கத்தக்க கேள்விகள் அல்ல. ஜனநாயகத்தின் உயிர்நிலையைத் தொடும் கேள்விகள் என்றே நான் கருதுகிறேன்.

2008ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதி பராக் ஒபாமா தேர்ந்தெடுக்கப்பட்டபோது இக்கேள்விகள் கூர்மையாக எழுந்தன. அவரை எதிர்த்து நின்ற ஜான் மெக்கெய்ன், கடற்படை விமானியாக வியட்நாம் யுத்தத்தில் பறந்து, சுட்டு வீழ்த்தப்பட்டு, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் சித்திரவதைப்பட்டவர்; ஒபாமாவோ சீருடை அணிந்து அறியாதவர், நாற்பத்தேழு வயதினர், ஈராக் யுத்தம் தொடங்கும் முன்பே அது கூடாது என்று பொதுமேடையில் பேசியவர். அவர் எதிர்த்த அதே யுத்தத்தில் அப்போது சுமார் 1,40,000 அமெரிக்கத் துருப்புகள் நின்றுகொண்டிருந்தன. அந்த ஆண்டின் இறுதியில் மிலிட்டரி டைம்ஸ் என்ற பத்திரிகை, ராணுவப் பணியில் இருந்த தன் வாசகர்களைக் கேட்டபோது, பத்துப் பேரில் ஆறு பேர், வரப்போகும் பிரதம சேனாதிபதியைப் பற்றித் தமக்கு நிச்சயம் ஏதும் இல்லை என்றோ, நம்பிக்கையே இல்லை என்றோ விடையளித்தனர். ஒரு பத்திரிகையின் வாசகர்கள் சொன்னது சேனை முழுவதின் சித்தம் ஆகிவிடாது. இருப்பினும் நெடுங்காலம் சேவை புரிந்து, போர்முனைக்குச் சென்று மீண்டவர்கள் பலர் அவர்களுள் இருந்தமையால், அந்த விடையை ஒதுக்கித் தள்ளுவதும் நியாயம் அன்று.

அந்தத் தயக்கத்தைக் குற்றமாகக் கருதுவோருடன் நான் உடன்படவில்லை. மருத்துவரிடம் உடலை ஒப்படைக்கும் நோயாளி, மனம் ஒப்பாவிட்டால் வேறொரு மருத்துவரைத் தேடிப் போகலாம். வழக்கறிஞரிடம் வழக்கை ஒப்படைத்தவன் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். சிப்பாய்க்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. தான் வாக்களிக்காத மனிதராயினும், தன் வாழ்வின் இயல்பைச் சற்றும் அறியாத மனிதராயினும், அவர் இடும் கட்டளைக்கு உட்பட்டு உயிரைப் பணயம் வைக்க வேண்டியவன், அவரைப் பற்றி ஒருகணம் ஐயுறுவது மனித இயற்கை. ஆனால் அந்த ஐயத்தை எடுத்துக்காட்டி, சேனையின் நம்பிக்கையைப் பெறாதவர் அதை நடத்தத் தகுதியற்றவர் என்று வாதிப்போரும் இருக்கிறார்களே, அவர்களை நான் உறுதியாக மறுக்கிறேன். தேர்தலில் ஜனங்கள் அளித்த தீர்ப்பின்மேல் சிப்பாய்கள் இரண்டாவது தீர்ப்பு ஒன்று அளிக்கலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அந்த நாட்டில் மிஞ்சுவது குடியாட்சி ஆகாது.

அமெரிக்க அரசியல் சாசனத்தை வகுத்தவர்கள் இதை நன்கு உணர்ந்திருந்தார்கள். தேர்ந்தெடுக்கப்படும் ஜனாதிபதியையே படைகளின் பிரதம சேனாதிபதி ஆக்கிய அவர்கள், தரைப்படைக்கென்று காங்கிரஸ் சபை ஒதுக்கும் பணம் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருத்தல் ஆகாது என்றும் விதித்தார்கள். சேனையில் சேரும் சிப்பாய் எடுத்துக்கொள்ளும் பிரமாணம் முதலில் அரசியல் சாசனத்துக்கு விசுவாசம் கூறி, அதன் பின்னரே ஜனாதிபதியின் உத்தரவுகளுக்குக் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறது. அதிகாரிகளின் பிரமாணத்திலோ ஜனாதிபதி என்ற சொல்லே வருவதில்லை, சாசனம் ஒன்றே வருகிறது. நம்மவர் செஞ்சோற்றுக்கடன் என்று ஒரு கடனைச் சொல்வதுண்டு. உண்ட சோற்றுக்காகத் துரியோதனன் பக்கம் நின்று உயிர்விட்ட கர்ணனை நினைத்து நாம் உருகுவதும் உண்டு. அந்தக் கடனை மறுக்க வேண்டியதில்லை. சோறு யாருடையது என்று மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். அமெரிக்கச் சிப்பாயின் தட்டில் விழுகிற சோறு ஜனாதிபதி அளக்கும் படி அன்று. வரி செலுத்தும் உழவரும் தொழிலாளரும் கடைக்காரரும் தங்கள் பிரதிநிதிகள் வழியாக அளக்கும் படி. ஆகவே கடனும் அவர்களுக்கே உரியது. அவர்கள் தேர்ந்தெடுத்தவரின் சட்டப்படியான கட்டளைக்குக் கீழ்ப்படிவதே அக்கடனைத் தீர்க்கும் வழி.

இந்தப் பாடத்தை அந்நாட்டுக்கு முதலில் கற்பித்தவர் ஜார்ஜ் வாஷிங்டன். விடுதலைப் போர் முடியும் தறுவாயில், 1783ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், நியூபர்க் பாசறையில் மாதக்கணக்காகச் சம்பளம் காணாத அதிகாரிகள், காங்கிரஸ் சபையைப் படைபலத்தால் அச்சுறுத்தலாமா என்று ஆலோசிக்கும் அளவுக்குக் கொதிப்படைந்திருந்தார்கள். அவர்கள் கூட்டத்துக்கு எதிர்பாராமல் வந்த வாஷிங்டன், தாம் எழுதிக் கொண்டுவந்த உரையைப் படித்து முடித்தபோதும் அவர்கள் முகம் இளகவில்லை. பிறகு ஒரு கடிதத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கி, எழுத்துப் புலப்படாமல் தடுமாறி, சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அவர்களுக்காக உழைத்து நரைத்த தமக்கு இப்போது பார்வையும் மங்கிவருவதாக மெதுவாகச் சொன்னார். அதுவரை அவரைக் கண்ணாடியோடு கண்டிராத அந்த முரட்டு வீரர்களிற் பலர் கண்ணீர் விட்டார்கள். சதியும் அன்றோடு கரைந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி அன்னாபொலிஸ் நகரில் கூடியிருந்த காங்கிரஸ் சபைமுன் நின்று, தம் சேனாதிபதிப் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் ஊர் திரும்பினார். சேனையின் முழு நம்பிக்கையையும் பெற்றிருந்த ஒருவர், அந்த நம்பிக்கையைத் தம் சொந்தச் சொத்தாக ஆக்கிக்கொள்ள மறுத்தார் என்பதே அச்செயலின் பெருமை.

நம்பிக்கை ஏதுமின்றிப் பதவிக்கு வந்து, அதைச் சிறுகச் சிறுக ஈட்டியவரின் சரித்திரமோ இன்னும் ஆழமானது. 1861ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆபிரகாம் லிங்கன் பதவியேற்றபோது அவருக்கு இருந்த ராணுவ அனுபவம், 1832ஆம் ஆண்டில் தொண்டர் படையில் சில வாரங்கள் பணிபுரிந்தது மட்டுமே. அதிலும் தாம் கொசுக்களோடுதான் பெரும்போர் புரிந்ததாக அவரே பின்னாளில் சொன்னதுண்டு. பதவியேற்ற ஆறு வாரங்களில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. வடக்குச் சேனைக்குத் தலைமை ஏற்குமாறு அழைக்கப்பட்ட ராபர்ட் லீ, அழைப்பை ஏற்காமல் பதவியைத் துறந்து தெற்கே போய்விட்டார். எஞ்சி நின்ற தளபதிகளுள் சிப்பாய்களின் கண்மணியாக விளங்கிய ஜார்ஜ் மெக்லெல்லன், ஜனாதிபதியை ஒரு நாட்டுப்புறத்து மனிதராகவே மதித்தார். அந்த ஆண்டு நவம்பர் மாதத்து மாலை ஒன்றில் லிங்கன், வெளிவிவகார மந்திரி சிவார்டும் காரியதரிசி ஜான் ஹேயும் உடன்வர, மெக்லெல்லன் வீட்டுக்குப் போய் அவர் வரவுக்காகக் காத்திருந்தார். சுமார் ஒரு மணி நேரம் கழித்து வீடு திரும்பிய தளபதி, ஜனாதிபதி காத்திருக்கிறார் என்று வேலையாள் சொல்லக் கேட்டும், அவர் அமர்ந்திருந்த அறையைக் கடந்து மாடிக்கு ஏறிவிட்டார். மேலும் அரைமணி பொறுத்து ஆளனுப்பிக் கேட்டபோது, அவர் உறங்கப் போய்விட்டதாக விடை வந்தது. இத்தகைய வேளையில் மரியாதையையும் கௌரவத்தையும் பாராட்டிக்கொண்டிருப்பது தகாது என்று வழியில் லிங்கன் அமைதியாகக் கூறியதாக, கொதித்துப்போயிருந்த ஹே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பொறுமையைக் கோழைத்தனம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. காங்கிரஸ் நூலகத்திலிருந்து யுத்த சாஸ்திர நூல்களை வரவழைத்து இரவில் கண்விழித்துப் படித்த அந்த மனிதர், ஆன்டீட்டம் போருக்குப் பின்னர்ப் பின்வாங்கிய எதிரியைத் துரத்திச் செல்லாமல் காலங்கடத்திய அதே மெக்லெல்லனை, 1862 நவம்பரில் பதவியிலிருந்து நீக்கினார். விடைபெற்றுச் செல்லும் தளபதியைக் கண்டு சிப்பாய்கள் அழுதார்கள். தலைநகரின்மீதே படை நடத்த வேண்டும் என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் முணுமுணுத்தவர்கள் நடந்தது தலைநகர் நோக்கி அன்று, போர்முனை நோக்கியே. கட்டளைக்கு அவர்கள் கீழ்ப்படிந்தது லிங்கன்மீது பிரியம் கொண்டு அன்று, எடுத்துக்கொண்ட பிரமாணத்தின் காரணமாகவே.

பிரியம் பின்னர் வந்தது. நெடிய உருவமும் உயர்ந்த தொப்பியுமாக அவர் பாசறைகளுக்கு வந்தார்; ஆஸ்பத்திரிக் கூடாரங்களில் படுக்கை படுக்கையாக நின்று காயம்பட்டவர்களின் கையைப் பற்றினார்; களைப்பு மிகுதியால் காவலில் உறங்கிவிட்ட இளைஞர்களுக்கும், முதல் குண்டோசையில் கால் நடுங்கி ஓடிய பயந்தாங்கொள்ளிகளுக்கும் ராணுவ நீதிமன்றம் விதித்த மரண தண்டனைகளை நள்ளிரவிலும் எடுத்துப் படித்துப் பார்த்து, இயன்றவரை மாற்றினார். 1864ஆம் ஆண்டுத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் அதே மெக்லெல்லன். பாசறைகளில் பதிவாகித் தனியே எண்ணப்பட்ட சிப்பாய் வாக்குகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் லிங்கனுக்கு விழுந்தன. நாடு முழுவதும் அவர் பெற்றதோ நூற்றுக்கு ஐம்பத்தைந்து. யுத்தம் நீடிப்பதென்றால் தாங்கள் இன்னும் சாக வேண்டியிருக்கும் என்று தெரிந்தே, அதை முடிவு வரை நடத்துவேன் என்றவரை அந்தச் சிப்பாய்கள் தேர்ந்தெடுத்தார்கள். முன்பு தங்களை மயக்கிய தளபதியின் கம்பீரத்தைக் காட்டிலும், தங்கள் சாவை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கும் ஒரு மனம் மேலானது என்று அவர்கள் மூன்றாண்டுக் காலத்தில் கண்டுகொண்டார்கள் என்பதே என் துணிபு.

இதிலிருந்து இரு திசையிலும் கடமை பிறக்கிறது. ஐயுறும் சிப்பாய் தன் ஐயத்தைத் தன் நெஞ்சோடு வைத்துக்கொள்ளலாம், வாக்குச் சீட்டில் காட்டலாம். பதவியிலிருக்கும் அதிகாரி ஜனாதிபதியைப் பொதுவில் இகழ்ந்து பேசுவது மட்டும் அந்நாட்டு ராணுவச் சட்டத்தின்படி குற்றம். 1993ஆம் ஆண்டில், வியட்நாம் யுத்தத்தில் சேவை புரியாத ஜனாதிபதி கிளிண்டனை ஒரு விருந்துக் கூட்டத்தில் ஏளனம் செய்த விமானப்படைத் தளபதி ஒருவர், கண்டனமும் அபராதமும் பெற்று ஓய்வில் செல்ல நேர்ந்தது. 1951இல் ஜனாதிபதி ட்ரூமன் தளபதி மெக்கார்தரை நீக்கியதும், 2010இல் ஒபாமா தளபதி மெக்கிரிஸ்டலை நீக்கியதும் இந்த நெறியைக் காப்பதற்கே. இரண்டாம் உலக யுத்தத்தில் தரைப்படைக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் மார்ஷல், கட்சிச் சாயல் தம்மேல் படியாதிருக்க வாக்களிப்பதையே தவிர்த்தார் என்பதை, இன்றைய தளபதிகள் நினைத்துப் பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டில் இரு கட்சி மாநாட்டு மேடைகளிலும் ஓய்வுபெற்ற தளபதிகள் ஏறி நின்று முழங்கியதைக் கண்டு நான் மனம் வருந்தினேன். அதேபோல், சீருடை அணிந்தவர்களைப் பின்னால் வரிசையாக நிறுத்திக்கொண்டு கட்சிப் பேச்சுப் பேசும் தலைவரும், படை எனக்கு உரியது என்று பெருமை பாராட்டும் தலைவரும், ஜனங்களின் சோற்றைத் தம் சோறாகக் காட்டி விசுவாசத்தைக் களவாட முயல்கிறவர்களே. கைதட்டலை நம்பிக்கை என்று எண்ணுகிறவர்களுக்குச் சிப்பாயின் மௌனம் விளங்குவதே இல்லை.

ஐயத்தோடு வரவேற்கப்பட்ட ஒபாமா செய்தவற்றுள் இரண்டு என் நினைவில் நிற்கின்றன. எதிர்க்கட்சி ஜனாதிபதியின் பாதுகாப்பு மந்திரியாக இருந்த ராபர்ட் கேட்ஸை, யுத்தத்தின் நடுவே மாற்றாமல், அப்பதவியிலேயே அவர் வைத்துக்கொண்டார். மற்றது, 2009ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் தேதி விடிவதற்கு முன் நிகழ்ந்தது. ஆப்கானிஸ்தானத்துக்கு மேலும் படைகளை அனுப்புவதா என்று அவர் ஆலோசித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. டெலவேர் மாநிலத்து டோவர் விமானத் தளத்துக்கு அந்த யுத்தத்தில் மாண்ட 18 பேரின் உடல்கள் வந்திறங்கிய அவ்விரவில், நள்ளிரவில் வெள்ளை மாளிகையிலிருந்து புறப்பட்டுப் போன அவர், முதலில் அவர்களின் குடும்பத்தாரைக் கண்டு பேசினார். பிறகு ராட்சத விமானத்தின் வயிற்றிலிருந்து, வெள்ளைக் கையுறை அணிந்த வீரர்கள் கொடி போர்த்திய பெட்டியைச் சுமந்து ஓசையற்ற அடிவைத்து இறங்க, நீண்ட கறுத்த மேலங்கியோடு ஓரத்தில் நின்று கைதூக்கி வணக்கம் செலுத்தினார். ஐந்து வாரங்களுக்குள், வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் இளம் மாணவர்கள் முன்னிலையில், மேலும் 30,000 பேரை அனுப்பப்போவதாக அவர் அறிவித்தார்.

அந்தத் தீர்மானம் சரியா, தவறா என்பதில் நல்லவர்கள் இன்றும் வேறுபடுகிறார்கள். எனக்கும் அதில் ஐயம் உண்டு. ஆனால் தம் கையெழுத்தின் விலை இன்னதென்று அந்தப் பெட்டிகளின் அருகே நின்று பார்த்துவிட்டே அவர் கையெழுத்திட்டார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும், ஒருநாள் நண்பகலில் சேனாதிபதியாகிற ஒவ்வொருவரும், முதல் கட்டளை இடுமுன் டோவருக்கு ஓர் இரவு போய் நிற்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை. மலைச்சரிவில் காவல் நிற்பவன் அதை நேரில் கண்டிருக்கமாட்டான். ஆயினும், தன்னை அனுப்புகிறவர் எப்படிப்பட்டவர் என்று அவன் நெஞ்சுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு, அதைவிட நேரிய விடையை நான் அறியேன்.